மஞ்சளாகிப் போன இட்லிப் பூச்செடி

ஜனவரியில் சுங்கை பூலோ நாற்றுப்பண்ணை வரிசையில் 12 ரிங்கிட்டுக்கு ஓர் இட்லிப் பூச்செடி வாங்கினேன். அந்த வட்டாரத்தில் பூச்செடி வியாபாரத்தை வளர்த்தவர்கள், 1930-இல் தொழுநோயாளர்களுக்காக அமைந்த குடியிருப்பில் வாழ்ந்தவர்கள். அங்கே போகும்போதெல்லாம் அந்த நினைப்பு வரும். அதனாலேயே பேரம் பேச மனம் வருவதில்லை.

கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் வீடு 4-ஆவது மாடி. பால்கனி கிழக்குப் பார்த்தது, நண்பகல் வரை வெயில் உண்டு. பூச்சாடியில் தண்ணீர் தேங்கக் கூடாது என்று அடியில் கல் போடுவார்கள் அல்லவா, நானும் போட்டேன். பக்கத்து வீட்டில் குளியலறையை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டோரம் குவிந்திருந்த காரைத் துண்டுகளில் இரண்டு கைப்பிடி எடுத்துக்கொண்டேன். காசு மிச்சம் என்று அன்று எனக்குப் பெருமை வேறு.

மார்ச்சில் புதுத் தளிர்கள் வெளிறத் தொடங்கின. நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இடைப்பட்ட பகுதி எலுமிச்சை நிறத்துக்குப் போனது. அடியிலிருந்த பழைய இலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "சத்து போதவில்லை, முட்டை ஓடு போடு" என்றார் அம்மா. ரவாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். சிறுவயதில் இந்தப் பூவின் காம்பை இழுத்துத் தேன் உறிஞ்சிய கதையை நூறு முறை சொல்லியிருக்கிறார். அவர் சொல்லைத் தட்டாமல் பொடித்துப் போட்டேன். பூ பூக்க வைக்கும் உரத்தையும் மாதம் இருமுறை கொடுத்தேன். மே மாதம் தளிர்கள் ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டன.

கண்ணுக்கு முன்னாலேயே துப்பு இருந்திருக்கிறது. தழைச்சத்துக் குறைந்தால் பழைய இலைகள்தாம் முதலில் மஞ்சளாகும். செடி அங்கிருந்து சத்தை உறிஞ்சிப் புதுத் தளிருக்கு அனுப்பிவிடும். இரும்பு அப்படி நகர்வதில்லை. அது போதாதபோது அடி விழுவது தளிருக்குத்தான். என் செடிக்கு வந்தது இரும்புப் பஞ்சம். இத்தனைக்கும் சாடியில் இருந்தது செம்மண்; அதன் சிவப்பே இரும்பால் வந்ததுதான். ஆனால் மண்ணில் காரத்தன்மை ஏறிவிட்டால் இரும்பு கரையாது, கரையாததை வேர் குடிக்க முடியாது. இட்லிப் பூ சேர்ந்த வெட்சி இனத்துக்குப் புளிப்பான மண் வேண்டும். அமில-கார அளவு (pH; 7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 5-க்கும் 6-க்கும் இடையில் இருந்தால் உத்தமம்.

ஜூனில் சாடி மண்ணை மழைநீரில் கரைத்துச் சோதனைத் தாளை நனைத்தேன். தாள் 8 காட்டியது. அடியிலிருந்து ஒரு காரைத் துண்டை எடுத்து அதன்மேல் வினிகர் விட்டேன். நுரைத்துக் கொப்பளித்தது. சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பு, நீர் ஊற்ற ஊற்ற மண்ணில் இறங்கியிருக்கிறது. முட்டை ஓடும் அதே சுண்ணாம்புச் சத்துதான். பூ உரத்தில் மிகுந்திருக்கும் மணிச்சத்து, கிடைத்த கொஞ்சம் இரும்பையும் மடக்கிப் போட்டுவிடும். ஆக, நோயாளிக்கு நோயையே மருந்தாகக் கொடுத்து வந்திருக்கிறேன். அம்மாவிடம் சொன்னபோது, "தோட்டத்தில் ஏது சிமெண்டு?" என்று கேட்டுவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றே செடியைப் பிடுங்கினேன். வேரைச் சுற்றிய மண்ணை மெல்ல உதிர்த்து, தென்னை நார்த்தூளும் மக்கிய இலையும் புது மண்ணும் சமமாகக் கலந்து வைத்தேன். காரத்தன்மை உள்ள மண்ணிலும் வேலை செய்யும் செலேட் இரும்பு உரத்தை இரண்டு முறை நீரில் கலந்து ஊற்றினேன். கருஞ்சிவப்பு நீர், தரையில் பட்டால் கறை எளிதில் போகாது. அதன்பிறகு மழைநீர் மட்டுமே. வாளியைத் துணியால் இறுகக் கட்டித்தான் வைக்கிறேன். ஏடிஸ் கொசுப் புழு அதில் அகப்பட்டால் அபராதம் கட்டுவது நான்தான்.

மூன்றாவது வாரம் வந்த தளிர் செம்பழுப்பாக இருந்தது. விரிந்தபோது நல்ல பச்சை. நடுவில் எறும்பு ஏறியது; பார்த்தால் இலைக் கக்கத்தில் மாவுப்பூச்சி. சோப்பு நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன், போயிற்று.

எதிர்வீட்டு மலாய் அம்மையார் இதை ஜெஜாரும் என்கிறார். ஜாரும் என்றால் ஊசி. செப்டம்பரில் மொட்டு விட்டபோதுதான் அந்தப் பெயரின் அழகு புரிந்தது: சிவந்த ஊசிகளைக் கொத்தாகச் செருகி வைத்தாற்போல. விரிந்து உருண்ட பிறகுதான் நம்முடைய இட்லி. நம் இலக்கணத்திலோ இது ஆநிரை கவரப் போகிறவர்கள் சூடிய வெட்சி. மூன்று பெயரில் நான் இட்லியின் பக்கம்.

முதல் கொத்து அம்மாவின் முருகன் படத்துக்குப் போனது. இப்போது இன்னும் மூன்று கொத்துகள் நிற்கின்றன. பூ கிளை நுனியில்தான் வரும் என்பதால் கத்தரியை எடுக்காமல் இருக்கிறேன். கோலாலம்பூர் சாலையோரங்களில் இதைப் பெட்டி வடிவில் ஓயாமல் வெட்டி, பூவே இல்லாத வேலியாக்கி வைத்திருக்கிறார்கள். இந்தக் கொத்துகள் உதிர்ந்ததும் நுனிகளை ஒரு விரல் நீளத்துக்குக் குறைக்க வேண்டும். நவம்பர் மழை வலுப்பதற்குள் முடித்துவிடுவேன்.