புல்வெளி வீடு: இரவு வாசிப்புக் குறிப்புகள்

மே 5
மகளுக்கு விடுமுறை. இரவில் வாசித்துக் காட்ட லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி'யை எடுத்திருக்கிறேன். 1935-ல் வந்த நாவல்; அமெரிக்காவில் கழிந்த தன் சிறுவயதையே லாரா கதையாக்கியது. தமிழில் சொல்லிக்கொண்டே போகிறேன். 'ப்ரெய்ரி' என்ற இடத்தில் புல்வெளி என்றேன். "நம்ம கிரவுண்டு மாதிரியாம்மா?" என்றாள். நாள் முழுக்க வண்டி ஓட்டினாலும் தீராத புல் என்றேன். கண் விரிந்தது.

மே 7
வண்டி ஓடையைக் கடக்கும்போது வெள்ளம் ஏறி, ஜாக் நாய் காணாமல் போகிறது. அது திரும்பி வரும்வரை தூங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

மே 10
கிணறு வெட்டும் அத்தியாயம். தினமும் மெழுகுவர்த்தியை உள்ளே இறக்கிப் பார்ப்பார் லாராவின் அப்பா. சுடர் அணைந்தால் அடியில் கெட்ட காற்று. பக்கத்து வீட்டு ஸ்காட் அதை நம்பாமல் ஒருநாள் இறங்கி மயங்கி விழுகிறார். பாழுங்கிணற்றில் தூர் வாரும்முன் நம் ஊரிலும் விளக்கு இறக்குவார்கள் என்றதும் கதை அவளுக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது.

மே 13
குடும்பமே குளிர்ஜுரத்தில் விழுகிறது. தர்பூசணிதான் காரணம் என்கிறார்கள் ஊரார். கொசு பரப்பும் மலேரியா என்று அன்று யாருக்கும் தெரியாது. கசப்பு மருந்து கொடுத்துக் காப்பாற்றும் கறுப்பின மருத்துவர் டான் கற்பனை அல்ல. கதை நடக்கும் கன்சாஸ் மாநிலத்தில் வாழ்ந்தவர், கல்லறையும் அங்கேயே இருக்கிறது. அவரைப் பற்றி இன்னும் நாலு பக்கம் எழுதியிருக்கக் கூடாதா!

மே 16
அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஓசேஜ் மக்கள் குதிரைகளில் வரிசையாக ஊரைவிட்டுப் போகிறார்கள். வாசலில் நின்று பார்க்கிறாள் லாரா. "அவங்க ஊருதானே, அவங்க ஏன் போகணும்?" என்று கேட்டாள் மகள். உண்மையைச் சொன்னேன். 1869-ல் லாராவின் குடும்பம் போய் வீடு கட்டியது ஓசேஜ்களுக்கு உரிய நிலத்தில். அப்போது லாராவுக்கு 2 வயது; பிறகு வீட்டார் சொன்னதைக் கேட்டுத்தான் எழுதினார். முதல் பதிப்பில், அங்கே மனிதர்களே இல்லை, இந்தியர்கள் மட்டுமே இருந்தார்கள் என்று ஒரு வரி இருந்தது. பூர்வகுடிகளைத்தான் அங்கே அப்படி அழைத்தார்கள். ஒரு வாசகர் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். தவறு தன்னுடையதுதான் என்று லாராவும் ஒப்புக்கொண்டார். 1953 பதிப்பில் 'மனிதர்கள்' போய் 'குடியேறியவர்கள்' வந்தது. இந்தப் புத்தகம் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அந்தப் பழைய வரியை அவளிடம் மறைக்க மனம் வரவில்லை.

மே 17
காலையில் அட்லஸோடு வந்து நின்றாள். ஓசேஜ்கள் போய்ச் சேர்ந்தது இன்றைய ஓக்லஹோமா. கன்சாஸிலிருந்து பென்சிலால் கோடு போட்டாள். அடுத்து லூயிஸ் எர்ட்ரிக்கின் 'தி பர்ச்பார்க் ஹவுஸ்', சுப்பீரியர் ஏரித் தீவில் வாழும் ஓஜிப்வே பூர்வகுடிச் சிறுமியின் கதை. ஆர்டர் போட்டுவிட்டேன்.