அரைக்கால் அட்சரம் கூடுது

எங்கள் வீட்டில் "கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி" என்பது உவமை கிடையாது. ஆதாரத்தோடு வைக்கப்படும் குற்றச்சாட்டு. ஹால் அலமாரியின் கீழ்த்தட்டில் 43 எல்பி ரெக்கார்டுகள் நிற்கின்றன, அத்தனையும் ஜாஸ். நிற்கத்தான் வேண்டும். படுக்கவைத்து அடுக்கினால் கனம் தாங்காமல் அடியில் இருப்பது வளைந்துவிடும். இதை விளக்கியபோது, "எங்கப்பா வந்தா தரையில பாய் போட்டுப் படுக்குறாரு, இதுங்களுக்கு இவ்வளவு கவனிப்பு" என்று மனைவி சொன்னாள். அப்புறம் நான் விளக்கவில்லை.

இந்தப் பழக்கத்தில் பெரிய கஷ்டம் பணம் இல்லை, அளவு. வீட்டுக்குத் தெரியாமல் ஆண்கள் வைத்துக்கொள்ளும் மற்ற எல்லாக் கெட்ட பழக்கங்களையும் சட்டைப்பையில் ஒளிக்கலாம். 12 அங்குலத் தட்டை எங்கே ஒளிப்பது? லேப்டாப் பையில் நுழையாது. சட்டைக்குள் விட்டால் நிமிர்ந்தபடி நடக்க வேண்டும், நான் எப்போதும் கூன் போட்டு நடப்பவன் என்பது வாட்ச்மேனுக்கே தெரியும். விலை விஷயத்தில் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிட்டது. நான் எவ்வளவு சொன்னாலும் அவள் அதை நான்கால் பெருக்கிக்கொள்கிறாள். பெரும்பாலும் சரியாக வந்துவிடுகிறது.

போன ஆடியில் ஆபீஸ் வேலையாக மும்பை போயிருந்தேன். வேலை முடிந்ததும் நேராகச் சோர் பஜார். அங்கே மட்டன் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு. பேரைக் கேட்டால் கறிக்கடை ஞாபகம் வரும், உள்ளே போனால் பழைய கிராமபோன் குழாய், கப்பல் விளக்கு, யார் வீட்டுத் தாத்தா என்றே தெரியாத புகைப்படங்கள். ஒரு கடையின் தரையில் குந்தி, கட்டுக்கட்டாகப் பழைய இந்திப் பட ரெக்கார்டுகளைத் தள்ளிக்கொண்டே போனதில் கிடைத்தது பியானோக்காரர் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு வாசித்த 'டைம் அவுட்'. மொபைல் டார்ச்சை அடித்து, தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். பெரிய கீறல் எதுவும் கண்ணில் படவில்லை. 1,600 ரூபாய். வீட்டில் 400.

அட்டையைப் பார்த்ததும் மனைவி, "கோலம் போட்டுட்டு இருக்கும்போது யாரோ மிதிச்ச மாதிரி இருக்கு" என்றாள். அது நீல் ஃபுஜிடா வரைந்த ஓவியம் என்றேன். "அவர் வீட்டுலயும் யாரோ மிதிச்சிருப்பாங்க."

இந்த நேரத்தில்தான் பெரியப்பா கண் ஆபரேஷனுக்காகத் திருவாரூரிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். நாற்பது வருஷம் தவில் வாசித்தவர். தவில் வாசிக்க விரலில் மாட்டும் கூடு போட்டுப் போட்டு விரல்கள் மரக்கட்டையாகிவிட்டன. காதைப் பற்றிச் சொல்ல ஒன்று போதும். வந்த மறுநாள் காலை, அடுக்களையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அம்மாடி, இது ஏழு ஏழா சுத்துது, பெல்ட்டைப் பாரு" என்றார். பெல்ட் தளர்ந்துதான் இருந்தது.

எனக்கு ஆசை வந்துவிட்டது. இதுவரை என் 43 தட்டுகளையும் கேட்டவர்கள் நானும் ஒரு பல்லியும்தான். இப்போது வீட்டுக்குள்ளேயே ஒரு வித்வான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கச்சேரி என்று அறிவித்தேன். எதிர் வீட்டு ஓய்வுபெற்ற வங்கி மேனேஜரும் காபி வாசனைக்கு வந்து சேர்ந்தார்.

ரெக்கார்டு சேர்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊசியை வைப்பதற்கு முன் அரை மணி நேரம் பேசாமல் இருக்க முடியாது. 'டைம் அவுட்' பதிவானது 1959, நியூயார்க், 30ஆம் தெரு, அங்கே ஒரு பழைய தேவாலயத்தைக் கொலம்பியா கம்பெனி ஸ்டூடியோவாக மாற்றியிருந்தது என்று ஆரம்பித்தேன். டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ'வும் அதே வருஷம் அதே கட்டடத்தில் பதிவானதுதான். அந்த ஆல்பத்தின் முதல் பிரதிகளில் இரண்டாம் பக்கத்துப் பாட்டுப் பெயர்கள் இடம் மாறி அச்சாகிவிட்டன. நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் பேர் மாறினால் சம்பந்திச் சண்டை வரும். அங்கே பேர் மாறிய தட்டைத்தான் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

"அது மட்டுமில்ல பெரியப்பா. முதல் பக்கம் பதிவு பண்ணின அன்னிக்கு டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு. அதனால தட்டுல போட்டா மூணு பாட்டும் ஸ்ருதி கொஞ்சம் ஏறியே கேக்கும். 1992லதான் சரி பண்ணி வெளியிட்டாங்க."

பெரியப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "1959லேருந்து 92 வரைக்குமா? முப்பத்திமூணு வருஷமா ஒருத்தனும் ஸ்ருதிப் பெட்டியைப் பக்கத்துல வச்சுப் பாக்கலையா?"

என்னிடம் பதில் இல்லை. ஊசியை வைத்தேன்.

'டைம் அவுட்'டில் முதல் பாட்டு 'புளூ ரோண்டோ'. 1958இல் புரூபெக் குழு துருக்கி, இந்தியா, இலங்கை என்று ஒரு சுற்றுப்பயணம் போனது. துருக்கித் தெருவில் வாசித்துக்கொண்டிருந்தவர்களிடம் புரூபெக் கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளம்தான் இதற்கு விதை. நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பெரியப்பாவின் விரல் சோபாக் கையில் விழ ஆரம்பித்தது. "ரெண்டு ரெண்டு ரெண்டு மூணு. ம்." அவ்வளவுதான் விமர்சனம். இரண்டாவது பாட்டில் லேசாகக் கண்ணயர்ந்தார். மேனேஜர் முழுசாகவே தூங்கினார்.

மூன்றாவது, 'டேக் ஃபைவ்'. டிரம்ஸ் கேட்டதும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கண்ட சாபு!" ஐந்து அட்சரத் தாளம் அது, அட்சரம் என்றால் ஒரு எண்ணிக்கை. நாலைந்து ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் முழுச் சுற்று, தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆனா திருப்பிப் போட்டிருக்கான். நாம தக தகிட. இவன் தகிட தக. சட்டையை உள்பக்கம் வெளிய போட்டா எப்படி இருக்கும், அப்படி. ஆனா பொருந்துது."

மேனேஜர் விழித்துக்கொண்டு, "இதுக்கெல்லாம் இன்னும் ராயல்டி வருமா சார்?" என்றார். வங்கி ரத்தம். வரும் என்றேன். பாட்டை எழுதிய சாக்ஸஃபோன்காரர் பால் டெஸ்மண்ட் 1977இல் போய்விட்டார், அந்த வருமானம் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு என்று உயில் எழுதிவைத்தார். மேனேஜர் முதல் தடவையாக ஸ்பீக்கரை மரியாதையோடு பார்த்தார்.

டிரம்ஸ் சோலோ வந்தது. என் வாழ்நாள் உரைக்கு இதுதான் இடம். "இப்ப கவனிங்க. பியானோ ஒரே இடத்துல நிக்கும். மாறவே மாறாது. அதுமேல டிரம்ஸ்காரர் ஜோ மொரெல்லோ நிறைய வாசிக்க மாட்டார். விட்டு விட்டு அடிப்பார். அந்த இடைவெளி இருக்கே, அதுதான் ஜாஸ்." சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன்.

பியானோ ஒரே இடத்தில் நின்றது. டும். இடைவெளி. பியானோ. டும். இடைவெளி. பியானோ. டும். எவ்வளவு நிதானம்! மேனேஜர் மெதுவாக, "எனக்குப் புரியலை சார், ஆனா ஆழமா இருக்கு" என்றார். நான் கண்ணைத் திறக்காமலே தலையாட்டினேன்.

அடுக்களையிலிருந்து மனைவி வந்தாள். "ஏங்க, பால் பொங்கி, இறக்கி, ரெண்டாவது காபியும் கலந்தாச்சு. இந்த ஆளு இன்னும் அதே டும்ல நிக்கிறாரு. ரெக்கார்டு மாட்டிக்கிச்சா?"

"உனக்கு ஜாஸ் தெரியாது."

"மாட்டிக்கிச்சு" என்றார் பெரியப்பா. "ஒரு சுத்துக்கு அரைக்கால் அட்சரம் கூடுது. மனுஷன் அப்படி வாசிக்க மாட்டான், மெஷின்தான் வாசிக்கும். மூணாவது சுத்துலயே தெரியும் தம்பி. நீ கண்ணை மூடி அனுபவிச்சுக்கிட்டு இருந்த. கலைக்க வேணாம்னு விட்டேன்."

குனிந்து பார்த்தேன். ஊசி ஒரே வரியில் போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது.

ராத்திரி எல்லாரும் தூங்கியபின் கால்குலேட்டரை எடுத்தேன். எல்பி நிமிஷத்துக்கு முப்பத்துமூன்றே மூன்றில் ஒரு பங்கு சுற்று. ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. 'டேக் ஃபைவ்'வில் ஐந்து அட்சரம் போக நான் அளந்தவரை 1.75 வினாடி. ஊசி மாட்டினால் ஏறத்தாழ ஒரு முழு ஆவர்த்தனம் திரும்பத் திரும்ப வரும், மிச்சமாக ஒரு துளி. அதனால்தான் நான் ஏமாந்தேன். வேறு எந்தப் பாட்டில் மாட்டியிருந்தாலும் குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும். (இந்தச் சமாதானத்தை மனைவியிடம் மூன்று முறை சொன்னேன். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.) அந்த மிச்சத் துளி ஒரு அட்சரத்தில் ஏழில் ஒரு பங்கு. அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு. தொடையில் தட்டியே அவ்வளவு கிட்டத்தில் வந்திருக்கிறார்.

மறுநாள் டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்தேன். கீறல் இல்லை. வரியின் மேல் எள் அளவுக்கு ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. எந்த ஊர்ப் பாயசமோ. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மைக்ரோஃபைபர் துணியால் வரி போகும் போக்கிலேயே துடைத்தேன். மூன்றாவது துடைப்பில் போய்விட்டது. ஊசி வைத்தேன். அருவி மாதிரி ஓடியது. பெரியப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லலாமா என்று நினைத்தேன். அவர் காலை பஸ்ஸில்தான் ஊருக்குக் கிளம்பியிருந்தார். அடுத்த மாதம் கண் பரிசோதனைக்கு வரும்போது நேரிலேயே காட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வந்தார். ஒரு கையில் மருத்துவமனை ஃபைல். இன்னொரு தோளில் உறை போட்ட தவில். இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்கியபடி, சோபாவில்கூட உட்காராமல் தரையில் துண்டை விரித்தார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் எதிர் வீட்டுக் கதவைப் பார்த்தேன்.

"தம்பி, அந்த மாட்டிக்கிட்ட இடத்தைப் போடு. ஐஞ்சும் அரைக்காலும். ஒரு மாசமா மனசுலயே ஒரு கோர்வை கட்டி வச்சிருக்கேன். எட்டு சுத்து போனா அரைக்கால் எட்டும் சேந்து ஒரு அட்சரம் ஆயிடும் பாரு, அங்க கொண்டுபோய் முடிக்கிறேன்."

"பெரியப்பா, அதைச் சரி பண்ணிட்டேனே."

கூடு மாட்டிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது.

"எவன் உன்னைச் சரி பண்ணச் சொன்னான்?"

அடுக்களையிலிருந்து மனைவியின் குரல்: "மாமா, கவலைப்படாதீங்க. மத்தியானம் பாயசம்தான்."