கோதுமையும் என் கால் நரம்பும்: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு நாட்குறிப்பு

8 ஜனவரி 2024

நரம்புக் கடத்தல் சோதனையின் முடிவு வந்துவிட்டது. இரண்டு கால்களிலும் உணர்வு நரம்புகள் அடிபட்டிருக்கின்றன, தசையை அசைக்கும் நரம்புகள் பரவாயில்லை, கைகளில் இப்போதுதான் லேசான தொடக்கம். உங்களில் யாருக்காவது இந்தச் சோதனை எழுதிக் கொடுத்திருந்தால் பயப்பட வேண்டாம். சின்னச் சின்னதாக ஷாக் கொடுப்பார்கள், சுளீர் என்று இருக்கும், தாங்கக்கூடியதுதான்.

ராத்திரி படுத்தால் உள்ளங்கால் எரிச்சல், விரல்களில் மதமதப்பு, கண்ணுக்குத் தெரியாத சாக்ஸ் ஒன்றை எப்போதும் போட்டிருப்பது போல ஓர் உணர்வு, நடக்கும்போது ஒரு கால் செருப்பு கழன்று பின்னால் கிடப்பது கூடத் தெரிவதில்லை. இதைச் சொன்னால் நம் ஊரில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: சுகர். ஆனால் என் மூன்று மாதச் சராசரி 5.9. எல்லைக்கோடுதான், அதுவும் இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அந்த எண் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாமாம். இந்த அளவு சர்க்கரைக்கு இவ்வளவு நரம்புச் சேதம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு நரம்பு டாக்டர் என் பழைய ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். வருஷக்கணக்காக இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டவே இல்லை என்பதில் அவர் விரல் நின்றது. "ராத்திரி என்ன சாப்பிடுவீங்க டீச்சர்?" என்று கேட்டார். சப்பாத்தி. காலையில்? கோதுமை ரவை உப்புமா, இல்லாவிட்டால் ஹார்லிக்ஸும் பிஸ்கட்டும். சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று சொன்ன நாளிலிருந்து சோற்றைக் குறைத்து இப்படித்தான் ஓடுகிறது.

பி12, பி6, ஃபோலேட், தாமிரம், தைராய்டு, அப்புறம் டிடிஜி ஐஜிஏ என்று ஒன்று, கூடவே மொத்த ஐஜிஏ. எல்லாவற்றுக்கும் ரத்தம் கொடுக்க எழுதியிருக்கிறார். கோதுமை ஒத்துக்கொள்ளாமல் குடல் கெடும் சீலியாக் என்ற நோயாக இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம்.

11 ஜனவரி

மதினி விஷயத்தைக் கேட்டதும், "கோதுமைதான்னு சந்தேகம்னா இன்னைக்கே நிறுத்திடு, டெஸ்ட் எதுக்கு, வீண் செலவு" என்கிறார். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் டாக்டர் இதைத்தான் செய்யக் கூடாது என்று முதலிலேயே அழுத்திச் சொல்லிவிட்டார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்துக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் இந்த ரத்தப் பரிசோதனை தேடுகிறது. சரியாகச் சொன்னால் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நம் சொந்த நொதிக்கு எதிரானதை, டிடிஜி என்பது அந்த நொதிப் பெயரின் சுருக்கம்தான். கோதுமையை நிறுத்திவிட்டால் அந்த எதிர்ப்பொருள் குறையத் தொடங்கிவிடும், அப்புறம் சோதனை ஒன்றுமில்லை என்று பொய் சொல்லும், வாழ்நாள் முழுக்க சந்தேகத்திலேயே இருக்க வேண்டியதுதான். மொத்த ஐஜிஏ பார்ப்பதும் இதற்காகத்தான், சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ என்ற வகை எதிர்ப்பொருளே கிடையாது, அவர்களுக்கு டிடிஜி எப்போதும் இல்லை என்றே வரும். லேபில் இதைச் சேர்த்துக் கேளுங்கள், கேட்காமல் பல இடங்களில் எடுப்பதில்லை.

பொங்கல் முடிகிறவரை சப்பாத்தி தொடரட்டும்.

24 ஜனவரி

டிடிஜி உச்ச வரம்பைப்போலப் பல மடங்கு. பி12 168, குறைவுதான். பி6 சரியாக இருக்கிறது. அடுத்தது எண்டோஸ்கோபி, சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்களாம்.

எனக்கு வயிற்றுப்போக்கு எதுவும் கிடையாது, உப்புசம் மட்டும்தான், அது யாருக்குத்தான் இல்லை. குடல் சத்தமே போடாமல் நரம்பு மட்டும் பேசுவது இந்த நோயில் உண்டு என்று படித்துத் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஊரில் மாரியோஸ் ஹட்ஜிவாசிலியூ என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவும் 1996-இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரைதான் இதைப் பெரிதாக வெளியே கொண்டுவந்தது. காரணம் தெரியாத நரம்புக் கோளாறு உள்ள 53 பேரைப் பார்த்ததில் 30 பேர் ரத்தத்தில் குளூட்டனுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்திருக்கிறது. ஆரோக்கியமாக ரத்ததானம் செய்ய வந்தவர்களிடம் 12 சதவீதம்தான். அவர்கள் பார்த்தது பழைய வகை எதிர்ப்பொருள், அவ்வளவு துல்லியமானது இல்லை, அதனால் எதிர்ப்பொருள் இருக்கிற எல்லாருக்கும் நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் அதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டவர்களே குறைவு.

நம் பக்கம் இதை யாரும் சந்தேகப்படாததற்குக் காரணமும் இருக்கிறது. 2016-இல் இந்தியா முழுக்க 23,331 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. வடக்கே இந்த எதிர்ப்பொருள் 1.23 சதவீதம் பேருக்கு, தெற்கே 0.10 சதவீதம்தான். ஆனால் இந்த நோய்க்கு வழிவிடும் மரபணு வகை இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கிறது. வித்தியாசம் தட்டில்தான், வடக்கே ஒருவர் சராசரியாக ஒரு நாளைக்கு 455 கிராம் கோதுமை, இங்கே 25 கிராம். அந்த 25 கிராம் என் விஷயத்தில் எங்கே போயிற்று என்று யோசிக்கிறேன். சுகர் என்றதும் சோற்றைத் தள்ளிவிட்டுச் சப்பாத்திக்கு மாறுகிற வீடுகள் நம் தெருவிலேயே எத்தனை!

6 பிப்ரவரி

சீலியாக் நோய் உறுதி. குடலுறிஞ்சிகள் தட்டையாகிவிட்டன என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளைப் படம் போட்டுப் பாகம் குறிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். இரும்பும் பி12-உம் ஏன் ஏறவே இல்லை என்பது இப்போது தெளிவாகப் புரிகிறது, உறிஞ்சவே ஆள் இல்லை.

நரம்புச் சேதம் இரண்டு வழியில் வருகிறதாம். ஒன்று சத்துக் குறைவு, முக்கியமாக பி12, தாமிரம், விட்டமின் இ. இன்னொன்று, எதிர்ப்பு சக்தியே நரம்பைத் தாக்குவது. எனக்கு இரண்டும் கலந்திருக்கலாம் என்கிறார் டாக்டர். பி12 ஊசி இன்று தொடங்கியாயிற்று, ராத்திரி எரிச்சலுக்கு பிரிகாபலின். அது வலியை அமர்த்தும், நரம்பைச் சரிசெய்யாது என்றும் சொல்லிவிட்டார். சரிசெய்ய ஒரே வழி குளூட்டனை முழுசாக விடுவது, ஆயுசுக்கும்.

12 பிப்ரவரி

சமையலறையைக் கவிழ்த்துப் போட்டாயிற்று. கோதுமை மாவு, மைதா, ரவை, சேமியா, கோதுமை ரவை, பிஸ்கட், ஹார்லிக்ஸ் (கோதுமையும் பார்லியும் சேர்ந்தது) எல்லாம் வெளியே. மரத்தாலான சப்பாத்திக் கட்டையும் பலகையும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டன, மரத்தின் இடுக்கில் மாவு தங்கும். மாவு சலித்த சல்லடையையும் கொடுத்துவிட்டேன்.

இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, ஆப்பம், சோறு, கேப்பைக் கூழ், கம்பங்கூழ் என்று நம்ம ஊர்ச் சாப்பாட்டில் பாதிக்குமேல் எனக்குத் தடையே இல்லை. தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் குளூட்டன் கிடையாது. இந்த நோய் பஞ்சாபில் ஒருத்திக்கு வந்தால் படுகிற பாட்டை நினைத்துப் பார்த்தால் நான் எவ்வளவோ மேல்.

ஆனால் பெருங்காயம்! நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்தான். டப்பாவைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தேன்: பிசின், கோதுமை மாவு, பெருங்காயம். கோதுமையை முழுசாக நிறுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மூன்று வேளையும் சாம்பாரிலும் ரசத்திலும் மோரிலும் அதைச் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பேன். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கிவிட்டேன். குளூட்டன் இல்லாதது என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி, அந்த வார்த்தை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்து மாவு மில். கேழ்வரகு குளூட்டன் இல்லாதது, சரி, ஆனால் முந்தின ஆள் கோதுமை அரைத்த அதே கல்லில்தானே அதுவும் விழுகிறது. மில்லில் நின்று பார்த்தேன், கோதுமை முடிந்ததும் அடுத்தவருடைய தானியத்தை அப்படியே கொட்டினார்கள், முதலில் கொட்டிய ஒரு கையளவு மாவின் நிறமே கலங்கலாக இருந்தது. மில் அண்ணாச்சி நல்ல மனுஷன். "காலைல முத ஈடு உங்களுக்கு அரைச்சுத் தாரேன் டீச்சர்" என்றார். ஆனால் சுவரெல்லாம், துணிக்குழாயெல்லாம் கோதுமைத் தூசி. வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வந்தேன். இனி கேப்பையைக் கழுவி, உலர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக மிக்ஸியிலேயே அரைத்துச் சலித்துக்கொள்கிறேன். கை வலிக்கிறது, பரவாயில்லை.

3 மார்ச்

செய்தி பரவப் பரவ ஆளுக்கொரு மருந்து வந்து சேர்கிறது. முடக்கத்தான், வாதநாராயணன், அமுக்கரா சூரணம், மஞ்சள் மாத்திரை, ஆல்ஃபா லிப்போயிக் அமிலம், "நரம்புக்கு நல்லது" என்று ஒரு பேப்பரில் மடித்த கறுப்புப் பொடி. எனக்கு இயற்கை வைத்தியத்தில் நம்பிக்கை உண்டு, அம்மா கைப்பக்குவத்தில் வளர்ந்தவள், அதனாலேயே ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்கிறேன். இதில் என்ன இருக்கிறது, யார் செய்தது, என் மாத்திரையோடு சேருமா?

கறுப்புப் பொடியைத் தொடப்போவதில்லை. லேபிள் கிடையாது, செய்தவர் பேர் கிடையாது. 2008-இல் அமெரிக்காவில் இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளில் 193-ஐ வாங்கிச் சோதித்ததில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்திருக்கிறது. ஈயமும் ஆர்சனிக்கும் நரம்பையே கெடுக்கிற பொருள்கள். நரம்பு கெட்டவள் அதை நரம்புக்கு மருந்தாகச் சாப்பிடுவதா?

பழகிய சித்த மருத்துவர் ஒருவரிடம் ரிப்போர்ட் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டினேன். முறையாகப் படித்துப் பதிவு பெற்றவர். நிதானமாகப் படித்துவிட்டு, "இதுக்கு அந்த உணவை விடுறதுதாம்மா முதல் மருந்து, பத்தியம்னு நாங்க சொல்றதும் அதுதானே" என்றார். பற்பம், செந்தூரம் எதுவும் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அமுக்கரா தைராய்டு அளவைக் கூட்டக்கூடும், நான் தைராய்டு மாத்திரை சாப்பிடுவதால் அதுவும் வேண்டாம், ஈரலுக்கும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடலாம், சாப்பாடாக நினைத்து. வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிடலாம், சுகமாக இருக்கும். ஆனால் சூட்டைக் கையால் பார்க்க வேண்டும், காலால் பார்க்கக் கூடாது.

பி விட்டமின் மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. "விட்டமின்தானே" என்று கடையில் கேட்டு வாங்கி மாசக்கணக்கில் போடுகிறார்கள். பி6 அளவுக்கு மீறினால் அதுவே உணர்வு நரம்பைக் கெடுக்கும், எரிச்சலும் மரத்துப்போவதுமாக இதே அறிகுறிகள்தான் வரும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 12 மில்லிகிராம் என்று உச்ச வரம்பைக் குறைத்துவிட்டது. அட்டையின் பின்னால் பாருங்கள், பைரிடாக்சின் என்று போட்டிருக்கும், 100 மில்லிகிராம் உள்ளவை கூட விற்கின்றன. ஆல்ஃபா லிப்போயிக் அமிலத்தைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளின் நரம்பு வலிக்குத்தான். டாக்டரிடம் கேட்டேன், இப்போதைக்கு வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன்.

27 ஏப்ரல்

சித்திரை வெயில். கோயில் பிரகாரத்தில் எல்லாரும் ஓடி ஓடிப் போகிறார்கள், எனக்கு மட்டும் கல் சுடவே இல்லை. சந்தோஷப்படுகிற விஷயமில்லை இது. வீட்டுக்கு வந்து கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்த்தால் பெருவிரலுக்குக் கீழே கொப்புளம். இனி பருத்தி சாக்ஸ் இல்லாமல் கோயிலுக்குப் போவதில்லை, தினமும் ராத்திரி காலைக் கண்ணாடியில் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. மரத்த கால் உள்ள எல்லாருக்கும் இதைச் சொல்கிறேன், காரணம் சுகரோ கோதுமையோ எதுவாக இருந்தாலும்.

23 ஜூன்

ஆனித் தேரோட்டம் முடிந்தது. வீடு நிறைய விருந்தாளிகள், ஆளுக்கொரு அல்வாப் பொட்டலம். நம்ம ஊர் அல்வா சம்பா கோதுமைப் பாலில் கிண்டுவது, எனக்கு இனி கிடையாது. "ஒரு விள்ளல்தானே" என்று சித்தி வாய்வரை கொண்டுவந்துவிட்டார். எடுத்துச் சொன்னேன், கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு. இந்த நோயில் ஒரு விள்ளலும் கணக்கில் சேரும், வயிறு ஒன்றும் சொல்லாது, உள்ளே எதிர்ப்பொருள் மறுபடி கிளம்பும்.

எரிச்சல் குறைந்திருக்கிறது. ராத்திரி நடுவில் எழுவது அபூர்வமாகிவிட்டது.

18 ஆகஸ்ட்

டிடிஜி நன்றாக இறங்கியிருக்கிறது, இன்னும் இயல்பு நிலைக்கு வரவில்லை. ஹீமோகுளோபின் 11.2! அந்த ரிப்போர்ட்டை எங்க வீட்டுக்காரர் இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார்.

மதமதப்பு அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் சொன்ன கணக்கு: அறுந்த நரம்பு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும், அதுவும் எல்லாம் கூடிவந்தால். இடுப்புப் பக்கத்திலிருந்து கால் விரல் எவ்வளவு தூரம்! ஷெஃபீல்டு குழு 2006-இல் 35 பேரைப் பார்த்த ஆய்வில் 25 பேர் குளூட்டனை விட்டார்கள், 10 பேர் விடவில்லை. ஒரு வருஷம் கழித்து விட்டவர்களுக்கு உணர்வு நரம்பின் சைகை கூடியிருந்தது, விடாதவர்களுக்கு இன்னும் இறங்கியிருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் எனக்கு மனசுக்குத் தெம்பு கொடுப்பது அதுதான். இதே குளூட்டன் சிலருக்குச் சிறுமூளையைத் தாக்கித் தள்ளாட்டம் கொண்டுவரும். அங்கே செத்துப்போன செல் திரும்ப வராது, அதனால் நாள் கடத்தவே கூடாது. நடையில் தள்ளாட்டமோ பேச்சில் குழறலோ இருந்தால் கஷாயம் குடித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்காமல் உடனே நரம்பு டாக்டரிடம் போங்கள்.

சமநிலைக்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி தினமும் செய்கிறேன். கண்ணை மூடினால் இன்னும் ஆடுகிறது.

24 நவம்பர்

ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தோம். முதல் நாளே தவசுப்பிள்ளையிடம் போனில் பேசிவிட்டேன், அப்பளம் பொரிக்கிற எண்ணெயில் மைதா பலகாரம் எதுவும் போடுகிறார்களா, சாம்பாருக்கு என்ன பெருங்காயம் என்று. பொறுமையாகப் பதில் சொன்னார். சாம்பாரும் ரசமும் எனக்கு ஆகாது என்று தெரிந்ததும், சோறு, அவியல், பருப்பு, தயிரைத் தாளிப்பு சேர்க்காமல் தனியாக எடுத்துவைத்தார்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த தம்பியிடம் அங்கேயே பேச்சை எடுத்தேன். உடன்பிறந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருக்கும், அறிகுறியே இல்லாமலும் இருக்கும். "எனக்கு ஒண்ணும் இல்லையேக்கா, நல்லாத்தானே இருக்கேன்" என்றான். அவனுக்கும் ரத்தசோகை உண்டு, மாத்திரை சாப்பிட்டும் ஏறுவதில்லை. அவன் மனைவி அதை நினைவுபடுத்தியதும் பேச்சை நிறுத்திக்கொண்டான். புதன்கிழமை காலையில் டிடிஜியும் மொத்த ஐஜிஏயும் கொடுக்க என்னோடு வருகிறான். அம்மாவையும் அன்றைக்கே கூட்டிப்போகிறோம்.