‘பொம்மை வீடு’ கதையைச் சொல்வது யாருடைய குரல்?

யூன் 2, செவ்வாய்

சனிக்கிழமை வெள்ளவத்தையில் கூடும் எங்கள் உயர்தர மாணவர்களின் வாசிப்பு வட்டத்துக்குக் கதரின் மான்ஸ்பீல்டின் ‘பொம்மை வீடு’ சிறுகதையை எடுத்துக்கொள்ளத் தீர்மானித்திருக்கிறேன். 1922இல் வெளிவந்த கதை அது. அடுத்த ஆண்டு சனவரியில், 34 வயதில், மான்ஸ்பீல்ட் காசநோயால் இறந்துபோனார். நியூசிலாந்தில் வசதியாக வாழும் பேர்னல் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை வீடு பரிசாக வருகிறது. பள்ளிக்கூடச் சிறுமிகள் இருவர் இருவராக வந்து பார்த்துப் போகிறார்கள். வீடு வீடாகச் சென்று துணி வெளுக்கும் கெல்வி அம்மாவின் மகள்களான லில், எல்ஸ் ஆகிய இருவருக்கு மட்டும் அந்த முற்றத்தில் இடமில்லை.

‘எல்லாம் அறிந்த படர்க்கைக் கதைசொல்லி’ என்று ஒரு வரி எழுதிவிட்டு மாணவர்கள் கடந்துபோய்விடுவார்கள் என்பதுதான் என் கவலை. கெல்விப் பிள்ளைகளின் தகப்பன் எங்கே என்று நிச்சயமாக ஒருவருக்கும் தெரியாது என்கிறார் கதைசொல்லி. ஆனால் அவன் சிறையில் இருப்பதாக எல்லோரும் சொன்னார்களாம். அந்த ‘எல்லோரும் சொன்னார்கள்’ என்பதை வைத்துக்கொண்டே அவர்களைச் சிறைக்குப் போனவனின் பிள்ளைகள் என்று முடிவுகட்டி, மற்றவர்களுடைய பிள்ளைகளுக்கு ஏற்ற நல்ல சேர்க்கைதான் என்று ஒரு குத்தலையும் சேர்த்துவிடுகிறார். மேற்கோள் குறி கிடையாது, ‘என்றாள்’ கிடையாது. ஊர்த் தாய்மார் வேலியோரம் நின்று பேசியது அப்படியே கதைசொல்லியின் வாயால் வருகிறது.

லில்லின் உடையை விவரிக்கும் இடம் இதைவிடக் கூர்மையானது. பச்சைச் சட்டை பேர்னல் வீட்டு மேசைவிரிப்பில் தைத்தது. அதன் சிவப்புக் கைகள் லோகன் வீட்டுத் திரைச்சீலையில் வெட்டியவை. தலையில் இருப்பது தபால் அதிபராக இருந்த பெண்மணியின் பழைய தொப்பி, அதில் செருகிய ஒரு செந்நிற இறகு. ஊர் கழித்துவிட்டவை எல்லாம் அந்தப் பிள்ளையின் உடம்பில் ஏறியிருக்கின்றன. சிரிக்காமல் இருக்கவே முடியாது என்கிறார் கதைசொல்லி, வாசிக்கும் நாமும் ஒரு கணம் புன்னகைத்துவிடுகிறோம். அந்தப் புன்னகையோடு நாம் எந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்பதை மாணவர்கள் உணர்ந்தால், கதைசொல்லியைப் பற்றித் தனியாகப் பாடம் நடத்தவே தேவையில்லை.

யூன் 4, வியாழன்

இன்று முழுவதும் இரண்டு மகிழ்ச்சிகளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மதிய இடைவேளையில், பெரியவளானதும் வேலைக்காரியாகத்தான் போகப் போகிறாயா என்று லீனா என்ற சிறுமி லில்லைக் கேட்கிறாள். லில் அசட்டுச் சிரிப்பொன்று சிரிக்கிறாள். எதிர்பார்த்த அழுகை வராத ஏமாற்றத்தில், உன் அப்பன் சிறையில் இருக்கிறான் என்று லீனா சீறுகிறாள். உடனே சிறுமிகள் எல்லோரும் தாங்க முடியாத பரவசத்தோடு ஓடிப்போய்க் கயிறடிக்கிறார்கள். அன்று குதித்ததுபோல் அவ்வளவு உயரமாக அவர்கள் ஒருநாளும் குதித்ததில்லை. கதையின் பிற்பகுதியில், கெசியா என்ற பேர்னல் சிறுமி வீட்டுத் தடையை மீறிக் கெல்விப் பிள்ளைகளை அழைத்து வந்து பொம்மை வீட்டைக் காட்டும்போது, சித்தி பெரில் அவர்களைக் கோழிக்குஞ்சுகளைப்போல் விரட்டுகிறாள். அன்று பிற்பகலில் ஓர் ஆணிடமிருந்து வந்த மிரட்டல் கடிதத்தால் அவள் நடுங்கிப்போயிருந்தவள். பிள்ளைகளை விரட்டியதும் நெஞ்சுப் பாரம் இறங்கி, பாட்டை முணுமுணுத்தபடி வீட்டுக்குள் போகிறாள்.

இந்த இரண்டு காட்சிகளையும் இணைத்து ஒரு சொல்கூடக் கதைசொல்லி பேசுவதில்லை. ஆனால் கதையின் கருப்பொருள் இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வர்க்க வேறுபாடு என்று மட்டும் எழுதினால், யார் யாரை ஒதுக்கினார்கள் என்பது விளங்கும்; ஒதுக்கியவர்களுக்கு ஏன் அது அவ்வளவு இனித்தது என்பது விளங்காது. குழந்தைக்கும் பெரியவளுக்கும் கொடுமை ஒரே விதமாக உடம்பை இலேசாக்குகிறது என்பதை, கயிறடிக்கும் கால்களையும் முணுமுணுக்கும் வாயையும் காட்டியே மான்ஸ்பீல்ட் சொல்லிவிடுகிறார். ‘கொடூரமான சிறுமிகள்’ என்று கதைசொல்லி ஒருமுறை கண்டித்திருந்தால், அந்த இன்பம் நமக்கும் தெரிந்த இன்பம் என்பதை நாம் சுலபமாக மறந்திருப்போம்.

யூன் 6, சனி

வட்டம் நல்லபடியாக நடந்தது. “மிஸ், கெசியா ‘ஒரேயொரு தடவை’ என்று கேட்கும்போது அம்மா காரணமே சொல்லவில்லையே” என்று ஒரு மாணவி தொடங்கினாள். ஏன் கூடாது என்பது உனக்கே நன்றாகத் தெரியும் என்பதுதான் தாயின் மறுமொழி. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த தன் அம்மம்மாவிடமிருந்து இதே மறுமொழியைக் கேட்டிருப்பதாக இன்னொரு மாணவன் சொன்னான். சபை சிறிது நேரம் பேசவில்லை. 1920களின் இறுதியில் யாழ்ப்பாணப் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சமமாக உட்காரவைப்பதற்கு எழுந்த கடும் எதிர்ப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னேன். அதற்குமேல் நீட்டவில்லை, ஏனென்றால் கெல்விகளை நம்முடைய உவமையாக மட்டும் ஆக்கிவிட்டால் கதை கைநழுவிப் போய்விடும்.

யூன் 9, செவ்வாய்

மாணவர்கள் எழுதித் தந்த குறிப்புகளைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் இருந்து வாசித்தேன். பெரும்பாலானவை கெசியாவைப் புகழ்கின்றன, அது நியாயமும்கூட. ஆனால் என்னை நிறுத்திவைத்தது லில்லைப் பற்றிய ஒரு குறிப்பு.

வேலைக்காரியாகப் போவாயா என்ற கேள்வியை லில் பொருட்படுத்தியதாகவே தெரியவில்லை என்று கதைசொல்லி சொல்கிறார். அது சுற்றி நின்ற சிறுமிகளின் கண்ணுக்குத் தெரிந்தது மட்டும்தான் என்று அந்த மாணவி எழுதியிருக்கிறாள். அதற்கு அவள் காட்டும் சான்றும் கதைக்குள்ளேயே இருக்கிறது: பொம்மை வீட்டைப் பார்க்க வரும்படி கெசியா அழைக்கும்போது, நீ எங்களோடு பேசக் கூடாதென்று உன் அம்மா எங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறா என்று லில் பதில் சொல்கிறாள். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது வரை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அன்று இடைவேளையில் சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பை அசட்டுத்தனம் என்று எழுதியவர் கதைசொல்லி. அடுத்த வட்டத்தில் அந்த இடத்திலிருந்தே மீண்டும் வாசிக்கத் தொடங்குவோம்.