நினைவுக் கல் வைக்கிறீர்களா? பெயர்ப் பட்டியலை முதலில் முடியுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் வாழ்ந்த மேடைக் கலைஞர்களுக்கு நினைவுக் கல் வைத்தோம். கல்லை நிறுத்த இரண்டு நாள்; பெயர்களைச் சரிபார்க்க ஐந்து மாதம்.

தோட்ட நிலத்தில் வைக்காதீர்கள். தோட்டம் விற்று வீடமைப்பு வந்தால் முதலில் போவது கல்தான். நகராண்மைக் கழகத் திடல் ஓரத்தைக் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். மனுவோடு இட வரைபடம், கல்லின் அளவு, பொறிக்கும் வாசகம் மூன்றும் போகட்டும். மலாய் வரியை டேவான் பகாசா என்னும் அரசு மொழி நிறுவனத்தில் சரிபார்த்து இணைத்தால் கேள்வி குறையும். தமிழ் வரிக்கு நாம்தான் பொறுப்பு.

பெயரில்தான் வம்பு. அடையாள அட்டையில் ஒன்று, மேடையில் ஒன்று, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒன்று. புகழ்பெற்ற மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லியையே இயற்பெயரில் வெட்டினால் எத்தனை பேர் நின்று படிப்பார்கள்? மேடைப் பெயரைப் பெரிதாகவும் அட்டைப் பெயரைச் சிறிதாகவும் போடுங்கள். அட்டையின் ரூமி எழுத்தை, அதாவது மலாய்க்கான ரோமன் எழுத்தை, பார்த்துத் தமிழில் எழுதவே கூடாது. அதில் ல, ள, ழ மூன்றும் பெரும்பாலும் ஒன்றுதான். பழைய கல்யாணப் பத்திரிகை, கோயில் உபயப் பட்டியலைப் பாருங்கள். பழைய ஆட்களின் பிறந்த ஆண்டு பல நேரம் உத்தேசம், சந்தேகமென்றால் போடாதீர்கள். வரிசை அகரவரிசைதான். நன்கொடைப்படி வைத்தால் உறுமிக்காரர் கடைசியில் நிற்பார்.

கல் வெட்டும் கடைக்குத் தட்டச்சு செய்த எழுத்தாகவே கோப்பை அனுப்பினால் அவர்கள் கணினியில் கொம்பும் காலும் பிரிந்துபோகும். வடிவமைப்பு மென்பொருளில் எழுத்தை வளைகோடாக (curves) மாற்றி அனுப்புங்கள். மணலைப் பீய்ச்சிக் கல்லில் எழுத்துப் பொறிக்கும்போது, மேலே ஒட்டிய ரப்பர் ஸ்டென்சிலின் சின்னத் துண்டுகள் பறந்துவிடும். ழகரச் சுழியும் புள்ளியும்தான் முதலில் சிதையும். அதனால் எழுத்து 25 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அசல் அளவில் தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, 2 மீட்டர் தள்ளி நின்று உரக்கப் படியுங்கள். எங்களிடம் 'தவில்' 'தவல்' ஆனது அப்போதுதான் கண்ணில் பட்டது.

3-க்கு 2 அடி, 20 மில்லிமீட்டர் கருப்பு கிரானைட் 30 கிலோவைத் தாண்டும். அதை ஒட்டச் சிமெண்டை மட்டும் நம்பினால் மழைநீர் பின்னால் இறங்கி உப்புப் பூக்கும். துருப்பிடிக்காத எஃகு ஊசியும் எபாக்ஸிப் பசையும் வேண்டும். திறப்பு நாளில் எண்ணெயோ குங்குமமோ பட்டால் கறை எளிதில் போகாது. குங்குமத்தைத் தாம்பாளத்தில் வையுங்கள்.

ஒட்டிய கல்லைக் கழற்றி மறுபடி வெட்ட முடியாது. பக்கத்தில் இன்னொரு பலகைக்கு இடம் விடுங்கள். திறப்பு விழாவிலேயே ஒருவர் வந்து, "எங்கப்பாவும் ஆர்மோனியம் வாசிச்சாரே" என்பார்.