மணலை இடுகிற கை

கண்ணாடிப் பெட்டியில் மணலை அடுக்கி, பலகையால் தள்ளியோ இழுத்தோ, நிலத்தின் பாறையடுக்கு பிளப்பதைச் சிறிய அளவில் காட்டும் நிலவியல் சோதனைதான் மணல் பெட்டி மாதிரி. அது கெடுவதென்றால் மணலை இடும்போதே கெட்டுவிடும். பலகையைத் தள்ளும்போதுதான் அது வெளியே தெரியும்.

தாமிரபரணி மணலைக் கழுவி, 105 டிகிரியில் உலர்த்தி, 0.15 முதல் 0.4 மில்லிமீட்டர் வரையுள்ள பருக்கையை மட்டும் அரித்தெடுக்க வேண்டும். அபிரகம் மினுங்கினால் அந்த மணல் வேண்டாம். தட்டைத் துகள் படுத்து வழுக்கும். சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலின் சிவப்பு ஆசை காட்டும். ஆனால் அதிலுள்ள களி ஈரத்தை விடாது.

ஈரம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? பெட்டியில் 1 சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 1 கிலோமீட்டர். நீளம் லட்சத்தில் ஒன்றாகும்போது பாறையின் ஒட்டுறுதியும், அதாவது துகள்கள் ஒன்றையொன்று பற்றும் வலுவும், அதற்கேற்பக் குறைந்தாக வேண்டும். அமெரிக்க நிலவியலாளர் ஹப்பர்ட் 1937இல் வகுத்த அளவுவிதி அது. கைப்பிடியில் நில்லாமல் உதிரும் மணல் கருங்கல்லுக்கு ஈடாவது இதனால்தான். ஐப்பசி அடைமழையில் காற்றீரம் ஏறினால் மணல் ஒட்டிக்கொண்டு, மேலே செங்குத்தாக வெடிப்பு விடும். அது மாதிரியே அல்ல.

சல்லடையை 30 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து ஒரே சீராக ஆட்டினால் மணல் இறுகி அமரும், பிளவும் கூர்மையாக விழும். கொட்டிய மணல் தளர்ந்து கிடப்பதால் பிளவு பட்டையாக அகன்றுவிடும். அடுக்கைக் காட்டக் கோலப்பொடி தூவுவதைவிட அதே மணலுக்குச் சாயமேற்றுவது மேல். நன்றாக இட்ட மணலைத் தள்ளினால் பிளவு 30 டிகிரி அளவில் சாயும், இழுத்தால் 60. கண்ணாடியோரம் உராய்வால் பின்தங்கும் என்பதால் ஓரத்தை நம்பக்கூடாது. தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, நடுவில் நறுக்கிப் பார்ப்பதே கணக்கு.

செங்கோட்டைப் பக்கம் போகும் அச்சன்கோவில் பெயர்ச்சி மண்டலத்துக்கு உலர்மணல் மட்டும் போதாது. ஆழத்து வெப்பத்தில் குழைந்து நகர்ந்த பாறை அது. அதைப்போல மெல்லக் குழைய, அடியில் சிலிக்கோன் பிசின் வேண்டும்.

நறுக்கில் கண்ட வடிவத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி எபாக்சியிலும் சிலிக்கோன் ரப்பரிலும் வார்த்துத் தொட்டித் தண்ணீரில் இறக்கினால், ஒலியை அனுப்பி எதிரொலியால் உள்ளடுக்கைக் காட்டும் அதிர்வலைப் படம் எடுக்கலாம். 1:10,000 அளவில் 500 கிலோஹெர்ட்ஸ் ஒலி, நிலத்தில் 50 ஹெர்ட்ஸுக்குச் சமம். வார்ப்பில் காற்றுக்குமிழி தங்கினால் ஒலி சிதறி, இல்லாத பாறையைக் காட்டும். ஒலியை அனுப்பிப் பெறும் உணரியின் முகம் 10 மில்லிமீட்டர் என்றால், அது நிலத்தில் 100 மீட்டர் அகல ஒலி மூலத்துக்குச் சமம், சிறியதாக வாங்குங்கள்.

பாளையங்கோட்டை வெயிலில் தண்ணீர் காலையில் 25 டிகிரி, மதியம் 35 என்று ஏறினால் ஒலிவேகம் நொடிக்கு 1,497இலிருந்து 1,520 மீட்டராகும். வேகத்தைத் திருத்தாமல் விட்டால் 2,000 மீட்டர் ஆழத்துத் தளம் 30 மீட்டர் மேலேறித் தெரியும். வார்ப்பை வெர்னியரால் முன்பே அளந்திருப்பதால் இந்தப் பிழை இங்கே பிடிபடுகிறது. ஒவ்வொரு அளவீட்டு வரிசைக்கும் வெப்பமானியைப் பார்த்து எழுதி வையுங்கள்.