ஸ்ட்ராட்டில் விட்டுப்போன இரண்டு ஒலிகள்

ஃபெண்டர் நிறுவனத்தின் மின்கிட்டாரான ஸ்ட்ராட்டோகாஸ்டரில், தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்கள் மூன்று: கழுத்துப் பக்கம் நெக், நடுவே மிடில், தந்திகள் தாங்கியிருக்கும் பாலத்தின் பக்கம் பிரிட்ஜ். இருந்தும், நெக்கையும் பிரிட்ஜையும் சேர்த்து ஒலிக்கவைக்க வழக்கமான ஸ்ட்ராட்டில் வழியில்லை. 1954-இல் வந்தபோது, பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் அதன் சுவிட்சுக்கு மூன்றே நிலைகள். வாசித்தவர்கள்தான் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவே பிடித்து நிறுத்தி, அடுத்தடுத்த பிக்கப்கள் சேர்ந்து தரும் அந்த மெலிந்த, மினுங்கும் ஒலியைக் கண்டெடுத்தார்கள். ஃபெண்டர் ஐந்து நிலைச் சுவிட்சைக் கொடுத்தது 1977-இல்தான். அப்போதும் இரண்டு ஓரங்களும் சேரவில்லை. எனக்கு அது பெருங்குறை. ஃபெண்டரின் இன்னொரு கிட்டாரான டெலிகாஸ்டரில் நெக்கும் பிரிட்ஜும் சேரும் நடு நிலையை ஒருமுறை காதாரக் கேட்டவர்களுக்கு இந்த ஏக்கம் புரியும்.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் தன் கறுப்பு ஸ்ட்ராட்டில் இதற்கென்றே ஒரு சிறு சுவிட்ச் வைத்திருந்தார். எனக்குக் கிட்டாரின் முகப்புத் தகட்டில் துளைபோட மனம் வரவில்லை. அதனால் கீழே இருக்கும் டோன் குமிழைக் கழற்றிவிட்டு, இழுத்தால் சுவிட்சாக வேலை செய்யும் 250 கிலோ ஓம் குமிழைப் பொருத்தினேன். இது வழக்கமானதைவிட உயரம் அதிகம். வாங்கும் முன் கிட்டாரின் குழி ஆழத்தை அளந்துகொள்வது நல்லது.

கூடுதல் கம்பிகள் இரண்டே. ஐந்து நிலைச் சுவிட்சில் நெக் பிக்கப் வந்து சேரும் முனையிலிருந்து ஒன்று. வால்யூம் குமிழின் உள்வரும் முனையிலிருந்து இன்னொன்று. குமிழை இழுக்கும்போது ஒன்றோடொன்று தொடும் இரு முனைகளில் இவற்றைப் பற்றவைக்க வேண்டும். அவ்வளவுதான். இழுத்துவிட்டால், சுவிட்ச் எங்கே இருந்தாலும் நெக் பிக்கப்பும் கூடவே ஒலிக்கும். பிரிட்ஜ் நிலையில் ஓரங்கள் இரண்டும், அதற்கடுத்த நிலையில் மூன்றும் சேர்ந்துவிடும்.

தகட்டை மூடுமுன் கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து, மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்து மின்தடையைப் பாருங்கள். ஒவ்வொரு பிக்கப்பும் 6 கிலோ ஓம் அளவில் இருந்தால், இரண்டு சேரும்போது ஏறக்குறைய 3, மூன்று சேரும்போது 2 என்று காட்டும். அந்த எண் இறங்குவதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். எண் சரியாக இருந்தும் ஒலி உள்ளீடற்றுச் சன்னமாகக் கேட்டால், பிக்கப்கள் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்கின்றன. நெக் பிக்கப்பின் இரு கம்பிகளையும் இடம் மாற்றுங்கள். ஆனால் அப்படி மாற்றினால் நெக்கும் மிடிலும் சேரும் நிலை கெடலாம். அதனால் ஒரே செட்டாக வாங்கிய பிக்கப்களே உத்தமம்.

ஒலியைச் சொல்கிறேன்: பிரிட்ஜின் கூர்மை அப்படியே இருக்கிறது, அடியில் நெக்கின் சதை சேர்கிறது. ஆம்ப்ளிஃபயரில் கரகரப்பு ஏற்றாமல் கார்டுகளை (பல சுரங்கள் சேர்ந்த கூட்டொலிகளை) ஒவ்வொரு தந்தியாக மீட்டும்போது ஆறும் தனித்தனியே கேட்கும். ஒன்று மட்டும்: மிடில் எதிர்த்திசையில் சுற்றப்பட்ட செட்டுகளில், மிடிலோடு இன்னொன்று சேரும் 2, 4 நிலைகளில் அடங்கும் மின்சார இரைச்சல் இங்கே அடங்காது, ஏனென்றால் நெக்கும் பிரிட்ஜும் ஒரே திசையில் சுற்றப்பட்டவை. அந்த ஒலிக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

க்வீன் குழுவின் பிரையன் மேயின் கிட்டாரில் பிக்கப் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுவிட்சுகள். தந்தையோடு சேர்ந்து தானே செய்த கிட்டார். அவர் விரலுக்கு அது தெரியும். மேடை இருட்டில் எனக்கு ஒரே இழுப்பு போதும்.

பழைய வயரிங்கில் பிரிட்ஜுக்கு டோன் குமிழே கிடையாது. ஆகவே இந்தப் புதிய ஒலிக்கும் இருக்காது. சுவிட்சின் டோன் பக்கத்தில் காலியாக இருக்கும் பிரிட்ஜ் முனையை அடுத்துள்ள மிடில் முனையோடு ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுங்கள். தகடு திறந்திருக்கும்போதே செய்துவிட்டால் தந்திகளை இன்னொரு முறை கழற்ற வேண்டியதில்லை.